அத்தையின் ஆங்கில நாவலும் மாமாவின் தூக்குவாளியும்

இதைப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, அவசரமில்லை. தலைமேல் பாருங்கள். நானும் இப்போதுதான் அங்கிருந்து எடுத்தேன்.

போன வாரம் தோழி ஒருத்தி போனில் அரைமணி நேரம் அழுதாள். அவள் கணவர் பழைய வகுப்புத் தோழி ஒருவருடைய படத்துக்கு இதயம் போட்டுவிட்டாராம். சிவப்பு இதயம். அந்த மனிதருக்கு மேல்வரிசையில் நான்கு பல் கட்டியது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்து யோசிப்பார். இதயத்தை யாருக்குப் போட்டாலும் தூக்கிக்கொண்டு போகிற வயதில்லை. அதைச் சொல்லாமல், படித்தவள் என்ற திமிரில் வேறொன்று சொன்னேன். "ஆங்கில நாவல்களை எடுத்துக்கொள். ஆசையையும் பொறாமையையும் எடுத்துவிட்டால் அவற்றில் மிஞ்சுவது மழையும் தேநீரும்தான்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அவளிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். உங்களால் போனை வைக்க முடியாது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. வாசுதேவநல்லூரில் அப்பாவுக்குக் கடலையும் பருத்தியும் போக மிச்சமிருந்த கவலை நான்தான். இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் பிள்ளை தேறிவிடும் என்று யாரோ சொல்ல, தென்காசியில் இருந்த அவருடைய தங்கை வீட்டில் கொண்டுவந்து விட்டார். எனக்கு இங்கிலீஷ் வந்ததா என்று கேட்காதீர்கள். தமிழில்தான் எழுதிப் பிழைக்கிறேன்.

அந்தத் தங்கைதான் அத்தை. பி.ஏ., பி.எட். முடித்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி ஒன்றில் சின்ன வகுப்புகளுக்கு இங்கிலீஷ் டீச்சர். மாமாவுக்குக் கோயிலுக்குப் போகும் தெருவில் பாத்திரக்கடை. வாசலில் எவர்சில்வர் குடங்கள் தோரணமாகத் தொங்கும். காற்றடித்தால் கடையே சிரிப்பதுபோல் இருக்கும். மாமா சிரிப்பது அபூர்வம். நல்ல மனிதர், அவ்வளவுதான். அவரைப் பற்றி அதற்குமேல் யாரும் எதுவும் சொல்வதில்லை.

நம் பக்கத்தில் கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு போனால் அதில் பெயர் வெட்டியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர் வெட்டாமல் கொடுப்பது மொட்டைக் கடிதம் போடுவதற்குச் சமம். மாமா அந்த வேலையைக் கடைப் பையன்களிடம் விடமாட்டார். குடத்தை மடியில் குழந்தைபோல் கிடத்தி, சின்ன உளியும் சுத்தியலுமாக டிக் டிக் டிக் என்று புள்ளி புள்ளியாக எழுத்தை இறக்குவார். மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியை மட்டும் குட்டி வட்டமாக வெட்டுவார். ஊரில் வேறு யாரும் அப்படி வெட்டுவதில்லை. அந்த டிக் டிக் சத்தமும் போய்விட்டது. இப்போது மின்சார ஊசி கிர்ரென்று பல் டாக்டர் மாதிரி எழுதுகிறது.

அத்தை அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்த அன்று மாமா ஒரு காரியம் செய்தார். மறுநாள் ஒரு கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய குடத்தில் தன் பெயரை வெட்டி, பக்கத்தில் அத்தை பெயரை வெட்டி, அதன் பின்னால் 'எம்.ஏ.' என்றும் வெட்டினார். அத்தைக்கு முதல் பாடப் புத்தகமே இன்னும் தபாலில் வந்து சேரவில்லை.

"இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலையே?" என்றாள் அத்தை.

"எப்படியும் வாங்கத்தான போற? குடுத்த குடத்தைத் திரும்ப வாங்கியா வெட்ட முடியும்?"

அதோடு நிற்கவில்லை. குடம், சம்படம், குத்துவிளக்கு, குழந்தைக்குப் பால் சங்கு வரை எம்.ஏ. பரவியது. செங்கோட்டையிலிருந்து திருவேங்கடம் வரை சொந்தக்காரர் வீட்டு அடுக்களைகளில் எல்லாம் அத்தை பட்டம் வாங்கி உட்கார்ந்திருந்தாள். நிஜத்தில் எல்லாப் பேப்பரும் தேறிவிட்டது. நாவல் பேப்பர் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. முதல் தடவை கதையை முழுக்க எழுதிவிட்டு ஆராய்ச்சிக்கு நேரமில்லாமல் போனது. இரண்டாம் தடவை அஞ்சல் வழியில் வந்த நோட்ஸை அப்படியே ஒப்பித்து வைத்தாள். விசேஷ வீடுகளுக்குப் போனால் யாராவது ஒருத்தி சாப்பாட்டுப் பந்தியில் கேட்பாள்: "ஏளா, நீ குடுத்த எம்.ஏ. குடம் லேசா ஒழுகுதே?"

அத்தை சிரித்துக்கொண்டே இலையை மடக்கிவிடுவாள். பாயசம் வந்திருக்காது.

நான் போய்ச் சேர்ந்த வருடம் மூன்றாவது முயற்சி. அதுவே கடைசியும். அடுத்த வருடம் பாடத்திட்டம் மாறுகிறது. விட்டால் எல்லாப் பேப்பரையும் முதலிலிருந்து எழுத வேண்டும். பள்ளியில் தலைமைச் சகோதரி, மேல்நிலை வகுப்பு ஆங்கில டீச்சர் வேலையை அத்தைக்காகப் பிடித்து வைத்திருந்தார். அவர் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா. பரீட்சை ஜூன் மாதம், திருநெல்வேலியில். சரியாகக் குற்றால சீசன் தொடங்கும் நேரம்.

தென்காசிக்காரர்களுக்கு சீசன் என்றால் அருவியல்ல, விருந்தாளி. மலைமேல் மேகம் இறங்கி, வெயிலும் சாரலும் சேர்ந்து விழ ஆரம்பித்ததும், இருக்கிறாரா என்றே தெரியாத சொந்தங்கள் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக வந்து இறங்குவார்கள். வீடு முழுக்கக் கொடி கட்டி ஈரத் துணி தொங்கும். எதுவும் காயாது. ஈரப் பாவாடை நாடாவும் மங்குஸ்தான் தோலும் தைலமும் கலந்து ஒரு வாடை அடிக்கும். இன்று எந்த ஓட்டலின் குளியலறையில் அந்த வாடை வந்தாலும் எனக்குப் பதிமூன்று வயதாகிவிடுகிறது. முட்டி மட்டும் சம்மதிப்பதில்லை.

அந்தக் கொடிகளுக்குக் கீழேதான் அத்தை படித்தாள். படித்ததை யாருக்காவது சொன்னால்தான் மனதில் நிற்கும் என்று சாயங்காலங்களில் என்னை உட்காரவைத்துச் சொல்வாள். பாடமாக இருந்த நாவல் ஒரு துறைமுக ஊரில் நடப்பது. பாதிரியார் வீட்டில் வளரும் அநாதைப் பெண். அவளை இரண்டு பேர் விரும்புகிறார்கள். ஒருவன் மலைமேல் கல் மாளிகையில் இருக்கும் பிரபு. சிரிக்கமாட்டான். பேசமாட்டான். மழையில் குடையில்லாமல் குதிரை ஓட்டுவான். இன்னொருவன் உப்பு வியாபாரி. கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது, கூரைக்கு எப்போது ஓடு மாற்றினான் என்றெல்லாம் சொல்லிப் பெண் கேட்கிறவன். அவள் பிரபுவைக் கட்டுகிறாள். பிரபுவுக்குச் சந்தேகம். உப்பு வியாபாரி பிறந்தநாளுக்கு அனுப்பிய ஒரு கையுறையை வைத்துக்கொண்டு இருநூறு பக்கத்துக்குப் புகைகிறான்.

அந்தப் பிரபுவைப் பற்றிச் சொல்லும்போது அத்தையின் குரலே மாறிவிடும். "அவன் ஜன்னல் பக்கம் நிப்பான்ட்டி. கையைப் பின்னால கட்டிக்கிட்டு. மழையைப் பாப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனா உள்ள எரியும்."

"உப்பு வியாபாரி?"

"அவன் கிடக்கான். அவனுக்கு ஆசையும் கிடையாது, பொறாமையும் கிடையாது. ஆசை இருந்தாத்தான பொறாமை வரும்? ரெண்டும் இல்லாதவன் கதாபாத்திரமே இல்ல. கதையில சும்மா வந்துட்டுப் போவான். நல்லவன், அவ்வளவுதான்."

பக்கத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா அடுத்த தோசை வேண்டாம் என்று எழுந்துவிட்டார். எனக்கு அப்போது அது வெறும் தோசைக் கணக்கு. அவர் பங்கும் எனக்கு வந்தது.

அத்தைக்கு ஒரு கொள்கையும் இருந்தது. பொறாமை என்பது படிப்பால் தீருகிற வியாதி. ஆங்கில நாவல்களில் வருகிறவர்கள் யாரும் ஆங்கில நாவல் படித்ததில்லை, அதனால்தான் அவ்வளவு அவஸ்தை. படித்துவிட்டவர்களுக்கு அது வராது. இதை அவள் அம்மை ஊசி போட்டுக்கொண்டவள் மாதிரிச் சொல்வாள்.

அடுத்த நாளிலிருந்து மாமாவின் நடவடிக்கை மாறியது. கடையிலிருந்து வந்ததும் ஜன்னல் பக்கம் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஜன்னலுக்கு வெளியே மலையெல்லாம் இல்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் ஒரு பூனையும்தான். பூனையை உறுத்துப் பார்ப்பார். குடையைக் கடையில் வைத்துவிட்டுச் சாரலில் நனைந்துகொண்டே சைக்கிளில் வருவார். அதன் பலனாக உள்ளே எரிந்ததோ இல்லையோ, மூக்கு ஒழுகியது. கேட்டால் பதில் சொல்லமாட்டார், தும்முவார்.

"வாயு பிடிச்சிருக்கா உங்களுக்கு?" என்று அத்தை ஓமத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா அதைக் குடித்துவிட்டுப் பூனையைப் பார்த்தார்.

அந்த சீசனுக்கு எங்கள் வீட்டில் தங்கியவர் எனக்குப் பெரியப்பா முறை. அத்தைக்கு அண்ணாச்சி. இரண்டு நாளைக்கென்று வந்து அப்படியே பழகிவிட்டார். காலையில் ஐந்தருவி, மாலையில் பழைய அருவி, இடையில் எங்கள் வீட்டுச் சாப்பாடும் எங்களுக்கு அறிவுரையும். மாமாவின் மௌனத்துக்கு அவர்தான் விளக்கம் சொன்னார். "மாப்பிள்ளைக்கு நீ படிக்கது பிடிக்கலம்மா. எந்த ஆம்பளைக்குப் பிடிக்கும்? பொண்டாட்டி எம்.ஏ., புருசன் எஸ்.எஸ்.எல்.சி. மனசுக்குள்ள கிடந்து புழுங்குதாரு." வீட்டுக்கு வந்துபோன எல்லோரும் அதையே நம்பினார்கள். நானும் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா ரசத்தை உறிஞ்சிக்கொண்டே இன்னொன்று சொன்னார்: "ஆமா, மாப்பிள்ளை மத்தியானம் மத்தியானம் மேலகரத்துல எதுக்கு இறங்குதாரு? நான் குளிச்சுட்டு வரும்போது டவுன் பஸ்ல பாக்கேன். அங்கன யாரு இருக்கா?"

மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மாமா கடைக்குள்ளேயே கொஞ்சம் கண்ணயர்வதாகத்தான் அத்தை நினைத்திருந்தாள்.

"வசூலுக்குப் போவாகளா இருக்கும்" என்றாள். ஊசி போட்டுக்கொண்டவள் அல்லவா.

பரீட்சைக்கு முந்தின நாள் மாமா காலையிலேயே கடைக்குப் போய்விட்டார். தலைச்சூடு தணியட்டும் என்று அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு பேரருவிக்குப் போனாள். பெண்கள் பக்கம் கூட்டம் வரிசையாக நின்றது. குற்றாலத்தில் ஒரு வசதிக்குறைவு உண்டு. அருவிச் சத்தத்தில் எதையும் மெதுவாகப் பேச முடியாது. நல்ல விஷயமோ கெட்ட விஷயமோ, கத்தித்தான் ஆக வேண்டும்.

எங்களுக்கு முன்னால் ஒரு டீச்சர் நின்றார். டீச்சர் என்பது நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. வரிசை கோணினால் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்த உடம்பு, இடுப்புக்குக் கீழே இறங்கிய முடி, ஒரு நரை கிடையாது. கையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்த தூக்குவாளி. புதுசு. அத்தை முதலில் முடியைப் பார்த்தாள், பிறகு வாளியைப் பார்த்தாள், அப்புறம் பார்வை வாளியிலேயே நின்றுவிட்டது. வாளியின் வயிற்றில் ஒரு பெண் பெயர். பெயருக்குக் கீழே 'அன்புடன்' என்று வெட்டியிருந்தது. அந்த 'ன்' இரண்டிலும் புள்ளி குட்டி வட்டமாக இருந்தது.

ஆங்கில நாவலில் ஒரு கையுறை கிடைத்தால் முதலில் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். பிறகு தேநீர் குடிப்பார்கள். பருவநிலையைப் பற்றி விசாரிப்பார்கள். நூறு பக்கம் கழித்து ஒரு நடன விருந்தில் முகம் வெளுக்கும். அத்தைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

"வாளி நல்லாருக்கே! எங்கன வாங்குனிய?" என்று கத்தினாள்.

"என்னது?"

"வாளி! வாளி!"

"வாங்கல! பாத்திரக்கடை அண்ணாச்சி குடுத்தாக!" என்று டீச்சர் திருப்பிக் கத்தினார். "தங்கமான மனுசன்! தினமும் மத்தியானம் வீட்டுக்கு வருவாக! வேலையை விட்டுட்டு வயசான அம்மாவை வச்சுக்கிட்டுக் கிடக்கேன், அவுக வந்தாத்தான் எனக்கும் பொழுது போகும்!"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். இரண்டு பேர் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தினார்கள். அடுத்த கேள்விக்கு அத்தை வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து கூட்டம் தள்ள, நாங்கள் அருவிக்குள் போய்விட்டோம். தலைமேல் யாரோ கருங்கல்லால் அடிப்பதுபோல் தண்ணீர் விழுந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை பிடிக்கவில்லை. தண்ணீரை எதிர்த்துச் சும்மா நின்றாள். வெளியே வந்து தேடினால் டீச்சர் போய்விட்டிருந்தார்.

"நீ ஒண்ணும் பாக்கல" என்றாள் என்னிடம். பஸ்ஸில் வீடு வரும்வரை ஈரச் சேலையை ஒரே இடத்தில் பிழிந்துகொண்டே வந்தாள்.

மனம் உடைந்த ஆங்கிலப் பெண்கள் காற்றடிக்கும் புல்வெளியில் நடந்து போவார்கள். எங்கள் பக்கத்தில் அம்மிக்குப் போவார்கள். அன்று சாயங்காலம் அரைத்த தேங்காய்ச் சட்னி வெண்ணெய் மாதிரி இருந்தது. மாமாவுக்கு ஒரு வார்த்தை பேசாமல் பரிமாறினாள். பரீட்சைப் பயம் என்று நினைத்து மாமாவும் பேசவில்லை. பெரியப்பா மட்டும் சட்னியைப் புகழ்ந்தார். நாவல் மூலையில் குப்புறக் கிடந்தது. அத்தை அதைத் தொடவில்லை.

விடிந்ததும் மூவரும் பஸ் நிலையத்துக்குப் போனோம். மாமா அத்தையைப் பஸ் ஏற்றிவிட வந்தார். பை அவர் கையில். நான் எதற்கு வந்தேன் என்றால், அத்தை கிளம்பும்போது என் கையைப் பிடித்தவள் விடவில்லை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. டீக்கடையில் முதல் வடை போட்டிருந்தார்கள். திருநெல்வேலி பஸ் ஒரு பக்கம் நின்றது. அத்தை நேராக எதிர்ப்பக்கம் நின்ற ராஜபாளையம் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

"ஏளா, அது வாசுதேவநல்லூர் வழியாப் போற வண்டில்லா. திருநெல்வேலி வண்டி இங்கன நிக்கு."

"தெரியும். எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"பரீட்சை?"

"அதை மேலகரத்துல எழுதச் சொல்லுங்க."

"மேலகரத்துல யாரு?"

"தூக்குவாளி வாங்குனவ."

மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்தது. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அதுவா… அதை இங்கன வச்சுச் சொல்ல முடியாதுளா" என்றார்.

இதைவிட மோசமான பதிலை அவர் யோசித்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா கட்டுவதை நிறுத்தினாள்.

"வீட்டுல வச்சுச் சொல்லிருக்கலாம்லா?" என்றாள் அத்தை.

"வெக்கமா இருந்துச்சு."

"வெக்கப்படுத காரியத்தை எதுக்கு அண்ணாச்சி செஞ்சிய?" என்றாள் பூக்கார அக்கா.

மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருநெல்வேலி பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்திடம்தான் சொன்னார்: "நாவல் கேக்கப் போனேன்."

"என்னது?"

"உன் நாவல்தான். டீச்சர் தமிழ்ல சொல்லுவாக. நான் கேப்பேன். காசு வாங்கமாட்டேன்னுட்டாக. சும்மா கேக்க முடியுமா? அதான் ஒரு வாளி."

அத்தை சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "கல்யாணப் பத்திரிகையையே முகூர்த்த நேரம் மட்டும் பாத்துட்டு வைக்க ஆளு. நீங்க நாவல் கேட்டீக? சரி, கதையைச் சொல்லுங்க."

"இப்பமா?"

"இப்பமே. இல்லேன்னா நான் ஏறுதேன்."

மாமா பையைக் கீழே வைத்தார். சாரலில் நின்றபடி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார்.

"ஒரு பிள்ளை. அப்பா அம்மா கிடையாது. பாதிரியார் மாமா வீட்டுல வளருதா. தூத்துக்குடி மாதிரி ஒரு ஊரு, ஆனா ஒரே குளிரு. அந்த ஊர்ல ஒரு உப்பு வியாபாரி. நேர்மையான ஆளு. எடை குறைக்க மாட்டான். கிடங்குக்கு ஓடு மாத்திட்டு, முறையா வந்து பொண்ணு கேக்கான். பிள்ளை என்ன சொல்லுது? முடியாதுங்குது. எதுக்கு? மலைமேல ஒருத்தன் குதிரையில நனைஞ்சுக்கிட்டே போறான், அவன்தான் வேணுமாம். குடை வாங்க வக்கில்லாத பய."

"வக்கில்லாம இல்ல. அவன் மனசு அப்படி" என்றாள் அத்தை.

"என்ன மனசு? கட்டிக்கிட்டு வந்தவளைச் சந்தேகப்பட்டு அறையில வச்சுப் பூட்டுதான். ஒரு கையுறைக்கு! இந்த உப்புக்காரன் என்ன தப்பு செஞ்சான்? குளிர் நாடு, பிள்ளைக்குக் கை விறைக்குமேன்னு அனுப்புனான்."

"அண்ணாச்சி சொல்லுதது நியாயந்தான்" என்றாள் பூக்கார அக்கா.

திருநெல்வேலி பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், "பூட்டுனானா? அப்புறம் பிள்ளை வெளிய வந்துச்சா இல்லியா? வண்டி எடுக்கணும், சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

"வந்துச்சு. புயல்ல மாளிகைக் கூரை விழுந்து அந்தப் பயலுக்குக் கால் போச்சு. அப்புறமும் அவ அவன்கூடத்தான் இருக்கா. உப்புக்காரன் கப்பலேறிப் போயிட்டான். கதை முடிஞ்சுது. அவன் என்ன ஆனான்னு ஒரு வரி கிடையாது."

"எழுத அவசியம் இல்ல" என்றாள் அத்தை. வாத்தியார் குரல் வந்துவிட்டது. "பிரபுவோட ஆசைதான் பொறாமையா மாறுது, பொறாமைதான் அவனை அழிச்சு மனுசனாக்குது. கதை அதைப் பத்தினது. உப்பு வியாபாரிக்கு ஆசையே கிடையாது. அவனைப் பத்தி எழுத என்ன இருக்கு?"

"ஆசை இல்லேன்னு யாரு சொன்னா?" மாமா கத்தினார். அருவி எதுவும் இல்லாத இடத்தில் அவர் கத்தி நான் கேட்டது அதுதான். "அவனுக்குச் சொல்லத் தெரியலைளா. ஓட்டைப் பத்தி, மூட்டையைப் பத்திச் சொல்லுதான்னா, வேற எப்படிச் சொல்லன்னு தெரியாமச் சொல்லுதான். வெறும் நல்லவனா இருந்தா ஒரு கதையிலயும் இடம் கிடையாதா? ஜன்னல் பக்கம் நின்னாத்தான் ஆசையா? நானுந்தான் நின்னு பாத்தேன். நீ ஓமத் தண்ணி குடுக்க!"

கண்டக்டர் படியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

அத்தை மாமாவைப் பார்த்தாள். நனைந்த சட்டை, சிவந்த மூக்கு. சீசன் தொடங்கியதிலிருந்து பெரியப்பாவும் நானும் மற்றவர்களும் வீட்டுக்குள் ஒரு பொறாமைக்காரப் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பொறாமைப்பட்டது உண்மைதான். அச்சடித்த காகிதத்தில் மட்டும் உயிரோடிருந்த ஒரு பிரபுவைப் பார்த்து.

"கூரை விழுந்து கால் போகல" என்றாள் அத்தை கடைசியில். "கண்ணுதான் போச்சு. டீச்சர் தப்பாச் சொல்லிக் குடுத்துருக்கா."

"டீச்சர் சரியாத்தான் சொன்னாக. எனக்குத்தான் மாறிப்போச்சு."

"டீச்சரை ஒண்ணு சொல்லிறக் கூடாது உங்களுக்கு."

இதைச் சொல்லிவிட்டு அவள் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினாள். ஏறும்போதே, "உப்பு வியாபாரி ஒத்தைப் பரிமாணமான ஆளு. அவனுக்கு ஆசை இருக்குன்னா எந்த அத்தியாயத்துல இருக்கு? சொல்லுங்க" என்று கேட்டாள். பதில் சொல்ல மாமாவும் ஏறினார். என்னை இறக்கிவிட இருவருக்கும் ஞாபகமில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். பாவூர்சத்திரத்தில் ஆசை என்றால் என்ன என்று ஆரம்பித்து, ஆலங்குளத்தில் கையுறைக்கு வந்து, திருநெல்வேலி எல்லையில் பிரபுவின் பொறாமை காதலா கர்வமா என்பதில் வந்து நின்றது. அத்தை இத்தனை வருடம் நோட்ஸில் தேடிய வாதங்கள் எல்லாம் கோபத்தில் தானாக வந்து விழுந்துகொண்டிருந்தன. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு போலீஸ்காரர் உப்பு வியாபாரி பக்கம் சேர்ந்துகொண்டார். அத்தை தனி ஆளாக நின்று மூன்று ஆண்களைச் சமாளித்தாள். மூன்றாவது, டிரைவர்.

மத்தியானம் பரீட்சை மண்டபத்திலிருந்து அவள் வெளியே வந்தபோது விரலெல்லாம் மை. மாமா எலுமிச்சைச் சோடாவை நீட்டினார்.

"என்ன கேட்டிருந்தான்?"

"பொறாமையைப் பத்தித்தான் கேட்டிருந்தான்."

"நீ யாரு பக்கம் எழுதுன?"

அத்தை சோடாவைக் குடித்தாள். "மார்க் வரட்டும், சொல்லுதேன்."

மார்க் வந்தது. தேறிவிட்டாள். நாவல் பேப்பரில்தான் இருப்பதிலேயே அதிகம். மேல்நிலை வகுப்பு வேலையும் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை இரண்டு தலைமுறைப் பெண்களுக்குப் பிரபுக்களின் பொறாமையைப் பாடம் நடத்தினாள். பொறாமை படிப்பால் தீரும் என்ற கொள்கையை மட்டும் அதற்குப் பிறகு சொல்லி நான் கேட்டதில்லை. மேலகரம் டீச்சர் வீட்டுக்கு அவளே போய் நன்றி சொன்னாள். போகும்போது மாமாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

போன மாதம் தென்காசி போயிருந்தேன். இப்போது அது மாவட்டத் தலைநகர். பஸ் நிலையத்தில் அந்தக் கதையைச் சொல்ல நின்றால் ஆட்டோ இடித்துவிடும். மாமாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அத்தையும் அடுக்களையில் இருந்தோம். இத்தனை வருடம் கேட்காததை அன்று கேட்டேன்.

"அத்தை, அன்னைக்குப் பரீட்சையில நெசமா யாரு பக்கம் எழுதுனீங்க?"

"பிரபு பக்கந்தான். பின்ன? பாஸாக வேண்டாமா?"

"மாமாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. வாரத்துக்கு ஒருக்கா கேக்காக. நானும் யோசிச்சுச் சொல்லுதேங்கேன்."

"சொல்லிருங்களேன், பாவம்."

"சொன்னா கேக்கதை விட்டுருவாகட்டி" என்றாள் அத்தை. காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

முன்னறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் அங்கன என்ன ரகசியம் பேசுதீக?"

"ஒண்ணுமில்லைங்க" என்று அத்தை கத்தினாள். "அந்த உப்பு வியாபாரியைப் பத்தித்தான்."

டிவி நின்றது. நாற்காலியை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.